சத்தம் நின்ற பிறகு போக வேண்டும்

நாய்க்குட்டியின் அழுகை நின்ற விதம் சரியில்லை என்று சுகன்யாவுக்குத் தோன்றியது. அழுது களைத்து, முனகலாகக் குறைந்து, அப்படியே தூக்கத்துக்குள் நழுவியிருந்தால் அது வேறு. இது ஒரு நீளமான ஊளையின் நடுவில், குரல் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றது. மிச்ச ஊளை இன்னும் அதன் தொண்டைக்குள் இருக்கும் என்று நினைத்தாள்.

படுக்கையில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் மணி பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பது. தலையணைக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்து, ‘முதல் ராத்திரி, 10.35 முதல் 12.50 வரை’ என்று எழுதினாள். கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருடம் பழனி அடிவாரத்தில் ஒரு லாட்ஜின் முன்மேசையில் இருந்தவள். யார் எப்போது வந்தார், எப்போது அறையைக் காலி செய்தார் என்று எழுதி எழுதி, நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த விஷயம் கைக்குள் வந்துவிடும் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. எழுதியது சரிதானா என்று மறுபடி பார்ப்பதும் ஊறிப்போனதுதான். பார்த்தாள். பிறகு நூறு வரை எண்ண ஆரம்பித்தாள்.

நூறு எண்ணச் சொன்னவர் மலைச்சாமி. மலையில், போளூருக்கு மேலே, தைல மரங்களை ஒட்டி அவருக்குத் தோட்டம். அன்று மத்தியானம் சுகன்யாவும் அவள் கணவன் சிவமுருகனும் அங்கே போய்த்தான் குட்டியை வாங்கி வந்தார்கள். பழுப்பு நிறம், முன்னங்கால்களில் மட்டும் சாக்பீஸ் தூளில் மிதித்தது போல வெள்ளை. சிவமுருகன் பிக்கப் வண்டியில் பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு வாரத்தில் நான்கு ராத்திரி வத்தலக்குண்டுக்கு இறங்குகிறவன். அந்த நான்கு ராத்திரியும் தோட்டத்து நடுவில் இருந்த வீட்டில் அவள் தனியாக இருந்தாள். விடிய விடிய பஸ் சத்தமும் மைக் சத்தமும் கேட்டு வளர்ந்தவளுக்கு, எட்டு மணிக்கே பனி இறங்கி எல்லாம் அடைத்துப்போகும் இந்த இடத்தில் துணைக்கு ஏதாவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது. ஏழு மாதமாகக் கேட்டுத்தான் குட்டி வந்தது. அதற்கும் சிவமுருகன் ஒரு கெடு வைத்திருந்தான். போன மாதம்தான் கீழ்த்தோட்டத்து நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிருந்தது. ராத்திரி கத்துகிற குட்டி இருந்தால் அது கதவு வரைக்கும் வரும். மூன்று ராத்திரி பார்ப்போம், அடங்காவிட்டால் வந்த இடத்துக்கே போய்விடும் என்றான். பெயர் வைப்பதும் அதற்குப் பிறகுதான்.

அடக்குவது எப்படி என்று மலைச்சாமியிடமே கேட்டாள். அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

“அழுகையில போகாத தாயி. போனியன்னா, அழுதா ஆள் வரும்னு வெளங்கிரும். சத்தம் நின்னப்புறம் நூறு எண்ணு. எண்ணிட்டுப் போயி ரெண்டு தட்டுத் தட்டிக் குடு. பேசாமக் கெடந்தாத்தான் ஆள் வரும்னு அதுவே படிச்சுக்கும். நான் பழக்கிப் பாத்தவன்.”

தாயின் வாசம் உள்ள துணி ஏதாவது கூட இருந்தால் குட்டிக்கு நல்லது என்று சுகன்யா கைப்பேசியில் படித்திருந்தாள். அதையும் கேட்டாள். மலைச்சாமி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் போய், தாய் நாய் படுத்திருந்த பழைய கம்பளியை அதன் அடியிலிருந்து உருவிக்கொண்டு வந்து, உதறாமலே குட்டியைச் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றிவிடச் சொன்னார். இல்லாவிட்டால் வந்த வழியைத் தேடிப் போய்விடுமாம்.

அவள் வீட்டில் காஸ் அடுப்பு சமையல் மேடையில் சுவரோடு ஒட்டி இருந்தது. அதை எப்படிச் சுற்றுவது என்று நின்று யோசித்தாள். சமையலறைக்குப் பின்னால், நடுவில் ஒரு கதவு மட்டும் வைத்து, பூண்டுக்குப் புகை போடும் அறை இருந்தது. அறுத்த பூண்டைக் கட்டுக்கட்டாக மேலே மூங்கில்களில் தொங்கவிட்டு, கீழே நடுத்தரையில் குழியடுப்பில் ஈரவிறகை மூட்டிப் பதினைந்து நாள் அணையாமல் புகைய விடுவார்கள். வீட்டில் ராத்திரியும் சூடாக இருக்கும் ஒரே இடம் அதுதான். குட்டிக்கும் அங்கேதான் படுக்கை என்று பேசியிருந்தார்கள். அந்தக் குழியடுப்பைச் சுற்றி, கம்பளிச் சுருளை மார்போடு பிடித்துக்கொண்டு மூன்று தரம் நடந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல், யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, “இதுதான் இனிமே ஒன் வீடு. எங்கயும் போகக் கூடாது. இங்கேயே இருந்துக்கணும்” என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் சொன்னாள்.

நூறு எண்ணி முடிந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் புகை அறையின் கதவைத் திறந்தாள். சாம்பலுக்குள் நெருப்பு ஒரு கண் அளவுக்குச் சிவந்திருந்தது. மேலே பூண்டுக் கட்டுகள் வேர்மயிர் தொங்க வரிசை வரிசையாக அசையாமல் இருந்தன. குட்டி தூங்கவில்லை. கம்பளியின் நடுவில் விட்டுவிட்டுப் போனதை ஞாபகம் வைத்திருந்தாள். இப்போது அது ஓரத்துக்கு, பாதி உடம்பு தரையில் படும்படி ஒதுங்கிப் படுத்திருந்தது. கட்டிலில் பக்கத்து ஆளுக்கு இடம் விட்டவர்களைப் போல. இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டு, நன்றாக நடுவில் இழுத்து விட்டாள்.

கதவைச் சாத்தித் திரும்பும்போது, உள்ளே அது மறுபடி ஓரத்துக்கு நகர்வது கேட்டது.

இரண்டாவது ராத்திரி குட்டி நாற்பது நிமிடம்தான் அழுதது. நோட்டில் குறித்துவிட்டு, இது முன்னேற்றம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நின்ற விதம் மட்டும் நேற்றுப் போலவே இருந்தது. எண்ண ஆரம்பித்து அறுபதைத் தாண்டும்போது புகை அறையிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. மெத்தென்று, ஒரே தாளத்தில், குழந்தையைத் தூங்க வைக்கிறவர்கள் முதுகில் தட்டுவது போல. தட். தட். நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி தட். தட். வால் கம்பளியில் அடிபடுகிறது என்று நினைத்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும். எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.

கதவைத் திறந்தபோது குட்டி உட்கார்ந்திருந்தது. வாலைக் கால்களுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தது. அந்த வாலால் எதையும் தட்டியிருக்க முடியாது. புகை வாசத்துக்கும் பூண்டு வாசத்துக்கும் அடியில் யூகலிப்டஸ் தைலத்தின் வாசம் லேசாக வந்தது, கை கால் வலிக்குத் தேய்த்துக்கொண்டு போர்த்திப் படுத்தவர்கள் பக்கத்தில் வருமே, அது. இந்த மலையில் எந்தத் துணியில்தான் அந்த வாசம் இல்லை. நோட்டில் ‘தட்டும் சத்தம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு இரண்டையும் அடித்துவிட்டாள். சிவமுருகன் பார்த்தால் சிரிப்பான்.

பகலில் குட்டி நன்றாகத்தான் இருந்தது. கேழ்வரகுக் கஞ்சியைத் தட்டு தேயும் அளவுக்கு நக்கியது. அவள் புடவை நுனியைக் கடித்து இழுத்தது. கேரட் பாத்தியில் விழுந்து எழுந்து, மூக்கு முழுக்கச் செம்மண்ணோடு வந்து நின்றது. மாலையில் அவள் தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது தெரியாமல் அதன் காலை மிதித்துவிட்டாள். பதறிக் குனிந்தாள். குட்டி வாயை முழுக்கத் திறந்தது. ஈறு தெரிந்தது, வயிறு உள்ளே போய் விலா எலும்பு தூக்கியது, தொண்டை நடுங்கியது. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே திறந்த வாயோடு நின்றுவிட்டு, மூடிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தது. சரியாகச் செய்தேனா என்று கேட்கிற பார்வை.

வண்டி ஏற்றிக்கொண்டிருந்த சிவமுருகனிடம் சொன்னாள். அவனுக்கு நல்ல திருப்தி.

“கத்துனா கத்துதுங்கற. கத்தலேன்னா கத்தலேங்கற. ஒன்னைய வச்சுக்கிட்டு நாய் என்னதான் புள்ள செய்யும்?” என்றான். பெயர் வைத்துவிடலாம், நாளைக்கு யோசித்து வை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மூன்றாவது ராத்திரி குட்டி அழவே இல்லை.

பத்தரைக்கு அழும் என்று காத்திருந்தாள். பதினொன்றாயிற்று. அழுதால்தானே நிற்கும், நின்றால்தானே எண்ணலாம், எண்ணினால்தானே போகலாம். எதிலிருந்து எண்ணுவது என்று தெரியாமல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே பேருக்குச் சீகை மரங்களில் காற்று இருந்தது. ஓடையில் தண்ணீர் இருந்தது. ஓட்டிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவையெல்லாம் எங்கோ தள்ளி நிற்க, வீட்டுக்குள் இருந்த அமைதி மட்டும் தனியாக, சமையலறையைத் தாண்டி அந்தக் கதவிலிருந்து வந்தது. சத்தத்துக்குத் திசை உண்டு. அமைதிக்குத் திசை இருக்கும் என்று அவள் அறிந்ததில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிகவும் ஒழுங்காக, சொன்னபடி கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் அமைதி. இவ்வளவு பேசாமல் இருக்கிறேனே, இன்னும் வரவில்லையே என்று கேட்கிற அமைதி.

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை.

கதவைத் திறந்தாள். நெருப்பு தாழ்ந்து, புகை முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. டார்ச் வெளிச்சம் புகையில் பட்டு அவள் மேலேயே திரும்பியது. கம்பளியில் குட்டி சுருண்டு போர்த்திக்கொண்டிருந்தது போல ஒரு மேடு தெரிந்தது. டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, முட்டி போட்டு, பழக்கப்படி இரண்டு தட்டுத் தட்டினாள். கம்பளி சூடாக இருந்தது. அதற்கு அடியில் இருந்தது எலும்பு. நீளமான, மெலிந்த, சதை இல்லாத எலும்பு. தோள்பட்டை போல.

அவள் பாதத்தில் ஈரமாக ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தாள். குட்டி அவள் காலடியில் நின்று அவளுடைய கால்விரலை நக்கிக்கொண்டிருந்தது.

கையின் கீழ் இருந்தது மெதுவாக ஒரு மூச்சை வெளியே விட்டது. ரொம்ப நேரம் காத்திருந்து, கடைசியில் வந்தாயே என்கிற மூச்சு.

குட்டியை எப்படித் தூக்கினாள், கதவை எப்படித் தாழ் போட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை. விடியும்வரை வாசல் படியில், குட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்சாரம் பொழுது விடிந்துதான் வந்தது.

வெளிச்சம் வந்த பிறகு போய்ப் பார்த்தால் கம்பளி தட்டையாகக் கிடந்தது. புகையில் மயங்கியிருப்போம், கரிப்புகை மூளைக்கு ஏறினால் இல்லாததெல்லாம் தெரியும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். கம்பளியைக் குச்சியால் தூக்கிக்கொண்டு போய்க் கல்வேலியில் போட்டாள். பூண்டுத் தாள் நறுக்க வந்த பக்கத்துத் தோட்டத்து விசாலாட்சி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். மலைச்சாமிக்குத் தூரத்து உறவு.

இது கந்தம்மாளுடைய கம்பளி ஆயிற்றே, இங்கே எப்படி வந்தது என்று கேட்டாள். கந்தம்மாள் யார் என்று சுகன்யா கேட்டாள். மலைச்சாமியின் பெண்டாட்டி, செத்து ரெண்டு மாதம் ஆகவில்லை என்றாள் விசாலாட்சி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவள். செத்தவர்கள் படுத்த துணியை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அந்த ஆள் போடவில்லை. கட்டிலுக்கு அடியில் நாய் குட்டி போட்டிருந்தது. நல்ல கம்பளி, எதற்கு வீணாக என்று அதற்குக் கீழே விரித்துவிட்டார்.

“ராவெல்லாம் கூப்புடுவா ஆத்தா அவ. யாராச்சும் வாங்க, யாராச்சும் வாங்கன்னு. எங்க வீடு வரைக்கும் கேக்கும். இந்த மனுசன் போக மாட்டாரு. கூப்புடுறப்பப் போனா அதே சோலியாப் போயிரும்னுட்டு, அவ வாயை மூடுனப்புறம்தான் போவாரு. நான் பழக்கிட்டேன் பாருன்னு எங்கிட்டயே பெருமையாச் சொன்னாரு.”

சுகன்யா குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் கந்தம்மாள் கூப்பிடுவதை விட்டுவிட்டாளாம். கதவையே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடப்பாளாம். ஒருநாள் ராத்திரியும் அப்படித்தான் கிடந்தாள். சத்தமே இல்லையே என்று அவர் அசந்து தூங்கிவிட்டார். காலையில் பார்த்தபோது கண் திறந்திருந்தது, கதவைப் பார்த்தபடி.

விசாலாட்சி கம்பளியையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். “அடுப்பச் சுத்துனியா?” என்று கேட்டாள்.

“குட்டியத் தூக்கிக்கிட்டுத்தான் சுத்துனேங்க்கா.”

“எதுல பொதிஞ்சு சுத்துன?”

சுகன்யாவின் கண் கம்பளிக்குப் போயிற்று. என்ன சொல்லிச் சுற்றினோம் என்பது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. விசாலாட்சி அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“இங்கேயே இருன்னு நீதான் சொல்லிருக்க. இனி யாரு ஆத்தா அவளப் போகச் சொல்றது?”

கம்பளியை விசாலாட்சியே குச்சியில் எடுத்துக்கொண்டு ஓடைக்கு அப்பால் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். ராத்திரி தன் வீட்டில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னாள். குட்டி மட்டும் வேண்டாம், மகளுடைய கைக்குழந்தை இருக்கிறது, அது கந்தம்மாள் மடியில் படுத்தது என்றாள். சுகன்யா சரி என்றாள். பொழுது சாயும்போது, இருட்டுவதற்குள் கிளம்பலாம் என்று மாற்றுப் புடவையைப் பையில் வைத்தாள். குட்டி பையை முகர்ந்துவிட்டு, போய் வீட்டுக் கதவுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, அவளைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தமில்லாமல். இதை அந்த அறையோடு விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு என்னவாக இருக்கும் என்று அவளால் நினைக்க முடியவில்லை. பையிலிருந்து புடவையை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள்.

சிவமுருகனுக்குப் போன் செய்தாள். வண்டி வத்தலக்குண்டில் கிளட்ச் போய் ஒர்க் ஷாப்பில் நின்றது. பத்துக்கு மேல்தான் கிளம்ப முடியும், விடியக்காலம் நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்றான். அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. குட்டியை உன் கூடவே வைத்துக்கொள், அந்தக் கதவைத் திறக்காதே, வெள்ளனே வந்துவிடுகிறேன் என்றான்.

குழியடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். பூண்டு கெட்டாலும் பரவாயில்லை. புகை அறைக் கதவைத் தாழ் போட்டு, அரிசிப் பீப்பாயை நகர்த்தி முட்டுக் கொடுத்தாள். படுக்கையறைக் கதவையும் சாத்தினாள். அதற்குத் தாழ் இல்லை, கொண்டி மட்டும்தான், வெளியிலிருந்தும் விரலால் தூக்கிவிடலாம். விளக்கை எரியவிட்டு, போர்வைக்குள் குட்டியோடு சுவரில் சாய்ந்தாள். குட்டியின் வயிறு சூடாக அவள் வயிற்றின் மேல் ஏறி இறங்கியது. பெயர் யோசிக்கலாம் என்று முயன்றாள். ஒன்றும் வரவில்லை.

10.35.

புகை அறையில் நாய்க்குட்டி அழுதது.

மடியில் இருந்தது காதைத் தூக்கியது. அதே குரல். முதல் ராத்திரி அழுத குரல், அதே கீச்சுத் தொண்டை, அதே நீள ஊளை. மடியில் இருந்தது தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

போகக் கூடாது. அழும்போது போகக் கூடாது. அது சரியாக இருந்தது. அழுகிற வரைக்கும் யாரும் போக வேண்டியதில்லை. அழுகிற வரைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

அழட்டும்.

வாழ்க்கையில் எதையும் அவள் இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை. விடியும்வரை அழட்டும். நாலு மணிவரை அழட்டும். சிறுத்தை வந்தாலும் வரட்டும். நோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோடு போட்டாள். பதினொன்று. பதினொன்று பத்து. பதினொன்று இருபது. ஊளை மேலே ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. ஏறிக்கொண்டிருக்கும்போதே

நின்றது.

எண்ணக் கூடாது என்று நினைத்தாள். உதடு எண்ணியது. இருபது. நாற்பது. அந்தப் பக்கமும் எண்ணுகிறார்கள் என்று தெரிந்தது. அறுபது. எண்பது. பனி சொட்டுவது நின்றிருந்தது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.

நூறு.

அவள் போகவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. எட்டு மாதம் காத்திருந்தவளுக்கு ஒரு ராத்திரி பெரிதில்லை. அப்படித்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருக்கும்போது, சமையலறைத் தரையில் பீப்பாய் நகர்ந்தது. வேகமாக இல்லை. ஒரு இழுப்பு. ஓய்வு. ஒரு இழுப்பு. பிறகு ஒரு உள்ளங்கை தரையில் ஊன்றப்பட்டது. தட். அதன் பின்னால் உடம்பின் மறுபாதி தேய்ந்து வந்தது. தட். தேய்ப்பு. தட். தேய்ப்பு. கூடத்தைக் கடக்க ரொம்ப நேரம் எடுத்தது.

படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்றது. தட்டவில்லை. கூப்பிடவில்லை. ரொம்ப ஒழுங்காக இருந்தது.

விளக்கு அணைந்தது.

தைல வாசம்.

கொண்டி தூக்கும் சத்தம் வரவில்லை. கட்டிலின் சுவர்ப் பக்கம், அவள் முதுகுக்குப் பின்னால், மனிதர் படுக்க இடமில்லாத அந்த இடுக்கில், மெத்தை தாழ்ந்தது.

சுகன்யா வாயைத் திறந்தாள். வயிறு உள்ளே போயிற்று. தொண்டை நடுங்கியது. அவ்வளவுதான். உதட்டின் மேல் காய்ந்த, மென்மையான ஒன்று வந்து படிந்தது. அழுத்தவில்லை. குழந்தையின் வாயில் விரல் வைத்து உஷ் என்பார்களே, அந்த அளவுதான். அதிலிருந்து அவளுடைய இடது கன்னம் மரத்தது. பிறகு தோள். பிறகு கை. கால். பாதி உடம்பு கல்லாகிப் படுக்கையில் கிடந்தது.

அதில் கோபம் இல்லை. அது அவளுக்குப் புரிந்தது. அதுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமையாக இருந்தது. தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைக் கந்தம்மாள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குட்டிக்குச் சொல்லிக் கொடுத்தது போல. கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். பேசாமல் கிட. பேசாமல் கிடந்தால் வருவார்கள்.

நாலு மணி பத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. முகப்பு விளக்கு சன்னல் வழியே கூரையில் ஒரு தரம் ஓடி அணைந்தது. சாவி. செருப்பைக் கழற்றும் சத்தம். சிவமுருகன் கூடத்தில் நின்று காது கொடுப்பது தெரிந்தது. இப்போது. அவள் தொண்டையின் அடியிலிருந்து எல்லாவற்றையும் மேலே தள்ளினாள். ஒரு மூச்சு கூடச் சத்தமாக வரவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்று கைப்பேசி வெளிச்சத்தை விரல்களால் மறைத்துத் தரையில் விழும்படி பிடித்திருந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு போர்வை, அதற்குள் அசையாமல் படுத்திருக்கும் பெண்டாட்டி, அவள் மார்போடு ஒட்டிய பழுப்புக் குட்டி. அவன் தோள்கள் தளர்ந்தன. அவ்வளவு பயந்துகொண்டு வந்திருந்தான்.

“ரெண்டும் அடங்கிருச்சே” என்று தனக்குள் முணுமுணுத்தான். “பழகிருச்சு.”

விரல்களுக்கு நடுவே கசிந்த அந்த வெளிச்சத்தில் அவள் பார்த்தாள். குட்டியின் வாயின் மேல் ஒரு கிழட்டுக் கை, மடக்க முடியாத விரல்களோடு, பரிவாக மூடியிருந்தது. அவள் உதட்டின் மேல் இன்னொன்று. அவள் காதுக்கு ரொம்பப் பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, வந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்பிக்கையோடு.

அவன் பின்னால் நகர்ந்தான். சத்தமே இல்லாமல் கதவைச் சாத்தினான். அவர்கள் தூக்கம் கெடக் கூடாது என்று கூடத்திலேயே பாயை விரித்துப் படுப்பது கேட்டது. கொஞ்ச நேரம் கதவுக்கு அடியில் வெளிச்சம் ஒரு கோடாக இருந்தது. பிறகு அதையும் அணைத்துவிட்டான்.

இருட்டில் மூன்று ஜோடிக் கண்கள் அந்தக் கோடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, பேசாமல் கிடந்தன.